வகுப்பறையில் சால்மன் வளர்க்க முன்வருவோருக்கு: ஆளில்லாத நேரங்களைப் பற்றி

ஒன்ராறியோவில் குளிர்காலம் நெருங்கும்போது ஆசிரியர்கள் சிலருக்கு ஓர் அழைப்பு வருவதுண்டு. அத்திலாந்திக் சால்மன் மீனின் முட்டைகளை ஜனவரியில் வகுப்பறைக்குப் பெற்று, குளிர்ந்த நீர்த்தொட்டியில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் ஓர் ஓடையில் பிள்ளைகளின் கையாலேயே விடலாம் என்பதே அந்த அழைப்பு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நான்காம் வகுப்புக்குக் கற்பிக்கும் நான் அதை மிகுந்த மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். எனக்கு முன்னர் அந்தத் தொட்டியைப் பராமரித்த ஆசிரியர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். பாடசாலையில் வேறு எவருக்கும் அதைப் பற்றித் தெரியாது. அந்த வருடம் நான் அடைந்த மகிழ்ச்சியும் பெரிது, பட்ட பாடும் பெரிது. நீண்ட வாரவிடுமுறை ஒன்றில் குஞ்சுகளில் பாதிக்கு மேல் இறந்துபோயின. என் சொந்தப் பணம் எழுநூறு டொலருக்கு மேல் செலவாயிற்று. குளிர்காலம் முழுவதும் சனி, ஞாயிறு ஓய்வு என்பதே எனக்கு இல்லாமற்போயிற்று. தொட்டியை எவ்வாறு பொருத்துவது என்பது கையேட்டில் தெளிவாகவே இருந்தது. ஆனால் வகுப்பறை பூட்டிக் கிடக்கும் நேரத்தில் அந்தத் தொட்டிக்கு என்னவெல்லாம் நேரக்கூடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இனி இதில் இறங்குவோருக்கு அதை யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இந்த வேலையின் பின்னணியை ஆசிரியர் முதலில் அறிந்திருப்பது நல்லது, ஏனென்றால் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வியே ‘இந்த மீன் ஏன் இப்போது இங்கே இல்லை’ என்பதுதான். ஒன்ராறியோ ஏரியிலும் அதில் வந்து விழும் ஆறுகளிலும் ஒருகாலத்தில் அத்திலாந்திக் சால்மன் ஏராளமாக இருந்தது. குடியேறியவர்கள் காட்டை வெட்டியதால் ஓடைகள் நிழலை இழந்து சூடேறின. மண் கரைந்து வந்து முட்டையிடும் கற்பரப்புகளை மூடியது. மாவாலைகளுக்கும் மரவாலைகளுக்குமாகக் கட்டிய அணைகள் மீன் மேலேறும் வழியை அடைத்தன. எஞ்சியதை அளவின்றிப் பிடித்துத் தீர்த்தார்கள். 1860களிலேயே சாமுவேல் வில்மொற் என்பவர் நியூகாசில் என்ற ஊரில், தம் வீட்டருகே ஓடிய ஓடையில் குஞ்சுபொரிப்பகம் அமைத்து இந்த மீனைக் காப்பாற்ற முயன்றார். வாழிடம் அழிந்துகொண்டிருந்த நிலையில் குஞ்சுகளை மட்டும் விட்டுப் பயன் இருக்கவில்லை. 1898 அளவில் இந்த ஏரியிலிருந்து அத்திலாந்திக் சால்மன் முற்றாக மறைந்துவிட்டது. அதை மீட்டுக்கொண்டுவரும் பெருமுயற்சி 2006இல் தொடங்கியது. கிரெடிற் ஆறு, டஃபின்ஸ் ஓடை, கோபோர்க் ஓடை ஆகியவை அதன் முதல் இலக்குகளாயின. வகுப்பறைத் தொட்டிகளில் வளரும் குஞ்சுகள் அந்த முயற்சியின் மிகச் சிறிய பகுதிதான். பெரும்பாலான மீன்கள் அரச குஞ்சுபொரிப்பகங்களிலிருந்தே விடப்படுகின்றன. இன்னொன்றையும் சொல்லி வைக்க வேண்டும். செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் ஹைலண்ட் ஓடையிலும் டஃபின்ஸ் ஓடையிலும் துள்ளி ஏறும் பெரிய மீன்களைக் குடும்பத்தோடு சென்று பார்த்த பிள்ளை, ‘சால்மன்தான் நிறைய இருக்கிறதே’ என்று கட்டாயம் சொல்லும். அவை பெரும்பாலும் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஏரியில் விடப்பட்ட பசிபிக் இனமான சினூக் சால்மன்கள். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டால் பிள்ளைகளுக்குத் தங்கள் முட்டைகளின் மதிப்புப் புரியும்.

தொட்டி வைக்கும் இடத்தை முடிவு செய்வதில் அவசரம் கூடாது. இருநூறு லீற்றர் நீர் இருநூறு கிலோ நிறை கொண்டது. கல், கண்ணாடி, தாங்கி ஆகியவற்றைச் சேர்த்தால் வகுப்பறை மேசை எதுவும் அதைத் தாங்காது. நிரப்பிய பிறகு நகர்த்தவும் முடியாது. யன்னலோரமும் அறையைச் சூடாக்கும் கருவியின் அருகும் ஆகவே ஆகா. நீர்க் குளிரூட்டி, தான் நீரிலிருந்து எடுத்த வெப்பத்தைப் பின்புறமாக அறைக்குள் தள்ளும். எனவே அதன் பின்னே காற்று ஓடப் போதிய இடம் விட வேண்டும். முட்டைக்கும் பொரித்த குஞ்சுக்கும் வெளிச்சம் ஆகாது என்பதால் தொட்டியின் எல்லாப் பக்கங்களையும் ஸ்ரைரோஃபோம் பலகையால் மூட வேண்டும். அது குளிரையும் காக்கும். பார்ப்பதற்கென ஒரு பக்கத்தில் சிறிய கதவு வெட்டி வைத்தால் போதும். எல்லாவற்றையும் விட முக்கியமானது மின்சாரம். எனக்குக் கையளிக்கப்பட்ட ஏற்பாட்டில் குளிரூட்டி, வடிகட்டி, காற்றுப் பம்பு ஆகிய மூன்றும், பல செருகிகள் கொண்ட ஒரே பவர் பாரில் செருகப்பட்டிருந்தன. பல பாடசாலைகளில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். தொட்டியில் உயிர் வருவதற்கு முன்பே, பிரதான இணைப்பை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து மீண்டும் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கருவி தானாக இயங்கத் தொடங்குகிறது, எது பொத்தானை அழுத்தும்வரை சும்மா நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். சில குளிரூட்டிகள் மின்சாரம் திரும்பினாலும் தாமாக விழிப்பதில்லை.

நீரைப் பற்றி நான் கேட்ட முதல் ஆலோசனை, குழாய் நீரை வாளியில் ஓரிரவு திறந்து வைத்தால் போதும் என்பது. ஊரில் தங்க மீன் வளர்த்த எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நீரில் வெறும் குளோரீன் மட்டும் இருந்தால் அது சரி. ரொறன்ரோ மாநகரம் குளோரீனோடு அமோனியாவையும் சேர்த்துக் குளோரமீனாக்கி அனுப்புகிறது. அது ஓரிரவில் பறந்துவிடாது. செவுளில் பட்டால் மீனைக் கொல்லும். சோடியம் தயோசல்பேற்று கலந்த நீர்ப்பதப்படுத்தியைப் பயன்படுத்த வேண்டும். அதுவும் குளோரீனை மட்டுமே முறிக்கிறது; பிரிந்து நிற்கும் அமோனியா நீரில் தங்கிவிடும். ஆகவே அமோனியாவையும் கட்டுப்படுத்தும் வகையைத் தேர்ந்து வாங்குவதே நல்லது. பழைய பாடசாலைக் கட்டடங்களில் செம்புக் குழாய்கள் உண்டு. இரவு முழுதும் குழாயில் தேங்கிய நீரில் செம்பு கரைந்திருக்கும், அது மீனுக்கு நஞ்சு. காலையில் குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். வடிகட்டியில் நல்ல பற்றீரியாக்கள் குடியேறினாலன்றி மீன் வெளிவிடும் அமோனியா நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாறாது. குளிர்ந்த நீரில் அவை மிக மெதுவாகவே பெருகும். எனவே நவம்பரிலேயே தொட்டியை நிரப்பி, குளிரூட்டாமல் அறை வெப்பத்தில் அவற்றை வளரவிட்டு, முட்டை வருமுன் படிப்படியாகக் குளிர்விக்க வேண்டும். முட்டை வருகிற வாரத்தில் தொட்டியைப் பொருத்தினால் பின்னர் படும் துன்பத்துக்கு அளவிராது.

ஜனவரி நடுப்பகுதியில் முட்டைகள் வந்தன, நூற்றுச் சொச்சம். பட்டாணி அளவில், தோடம்பழ நிறத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் இரண்டு கரும்புள்ளிகள், அவை கண்கள். உற்றுப் பார்த்தால் கரு சற்றே புரள்வதும் தெரியும். ஒரு மாணவி அதைக் கண்டுவிட்டு, ‘அது என்னைப் பார்க்கிறது’ என்று மிக மெதுவாகச் சொன்னாள். முட்டைகளோடு வந்த தாளில் ஓர் எண் எழுதியிருந்தது; அதுவரை அவை பெற்ற வெப்பக் கூட்டுத்தொகை அது. கருவுற்ற நாள் முதல் ஒவ்வொரு நாளும் நீரின் வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்தால், அத்திலாந்திக் சால்மன் முட்டை 500ஐ ஒட்டிய தொகையில் பொரிக்கும். வயிற்றிலுள்ள மஞ்சட்கருப் பை கரைந்து குஞ்சு உணவு தேடி மேலே நீந்தி வருவது 800ஐ ஒட்டி நடக்கும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆசிரியர் தம் தேவைக்காகவே அதை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். 350 என்ற தொகையோடு ஜனவரி 15இல் வரும் முட்டைகளை 8 பாகை செல்சியசில் வைத்தால், அவை பெப்ரவரி தொடக்கத்தில் பொரித்து மார்ச் 12 அளவில் நீந்தத் தொடங்கும். அது மார்ச் விடுமுறையில் போய் விழும். பாடசாலை பூட்டியிருக்கும் ஒரு வாரத்தில்தான் முதல் உணவைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதே முட்டைகளை 6 பாகையில் வைத்தால் அந்த நாள் மார்ச் முடிவுக்குத் தள்ளிப் போகும். இரண்டு பாகையில் ஆசிரியரின் ஒரு விடுமுறையும் குஞ்சுகளின் உயிரும் அடங்கியிருக்கின்றன. நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு முதல் நாளே வெப்பநிலையை முடிவு செய்யுங்கள்.

முட்டைப் பருவத்தில் நாள்தோறும் செய்யவேண்டிய வேலை, இறந்ததை எடுப்பது. உயிருள்ள முட்டை ஒளி ஊடுருவும்; இறந்தது பால் வெள்ளையாகிவிடும். அதை விட்டுவைத்தால் ஒரு நாளுக்குள் பஞ்சு படர்ந்ததுபோல் பங்கசு பிடித்து, பக்கத்திலுள்ள நல்ல முட்டைகளையும் சுற்றிக்கொள்ளும். ரப்பர்க் குமிழ் பூட்டிய உறிஞ்சு குழாயால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே முறைவைத்துக் கொடுத்தேன்; ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து முட்டையில் குழாய் படாமல் எடுப்பதைப் பார்க்க வேண்டும். கை கழுவும் முறையையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: நீரால் நன்கு அலம்ப வேண்டும், கிருமிநாசினிக் களிம்போ சவர்க்காரமோ கையில் இருக்கக் கூடாது. மேசை துடைக்கும் தெளிப்பானை அந்த அறையில் அடிக்க வேண்டாம் என்று துப்புரவு செய்பவரிடம் நேரில் சொல்லுங்கள், எழுதியும் ஒட்டுங்கள். காற்றுப் பம்பு அறையின் காற்றைத்தான் நீருக்குள் செலுத்துகிறது.

பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் எல்லாம் பொரித்துவிட்டன. அலெவின் எனப்படும் அந்தப் பருவத்துக் குஞ்சு, தன் உடலை விடப் பெரிதாகத் தெரியும் செம்மஞ்சட் பையை இழுத்துக்கொண்டு கற்களுக்கிடையே புகுந்துகொள்ளும். அதற்கு உணவு வேண்டாம். இருட்டும் குளிரும் ஒட்சிசனுமே வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை மாலை வெப்பமானி 6 பாகை காட்டியது. மூன்றாம் திங்கட்கிழமை குடும்ப தின விடுமுறை என்பதால், சனிக்கிழமை வந்து பார்க்க அதிபரிடம் கேட்டேன். அந்த வாரவிடுமுறை கட்டடத்தில் வேலை நடக்கிறது, உள்ளே வர முடியாது என்றார்கள். என்ன வேலை என்று நான் கேட்டதற்கு, கூரை வேலையாக இருக்கலாம் என்ற பதில் வந்தது. உண்மையில் அது மின்பலகையில் நடந்த வேலை. எங்கள் பக்கத்து வகுப்பறைகளுக்குச் சில மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டு மீண்டும் கொடுக்கப்பட்டது. திரும்பி வந்த மின்சாரத்தில் மூன்று கருவிகளும் ஒரே கணத்தில் இயங்க முற்பட, பவர் பாரின் காப்பு ஆளி விழுந்துவிட்டது. அறையில் விளக்கு எரிந்தது, கணினிகள் இயங்கின. தொட்டி மட்டும் இரண்டரை நாட்களாக அசைவற்றுக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்ததும் அறையின் அமைதிதான் முதலில் என்னைத் தாக்கியது. குளிரூட்டியின் இரைச்சலுக்கு அவ்வளவு பழகியிருந்தேன். வெப்பமானி 20 பாகையைத் தாண்டியிருந்தது. ஸ்ரைரோஃபோம் கதவைத் திறந்து பார்த்தபோது கற்களின் மேல் வெள்ளையாகக் கிடந்தவற்றை எண்ண என்னால் முடியவில்லை. உயிரோடிருந்தவை கற்களை விட்டு வெளியே வந்து, செவுள்கள் வெகுவேகமாக அடிக்க, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. எனக்கு வயிற்றைப் பிரட்டியது. யார் மீது என்றில்லாத ஒரு கோபமும் வந்தது. இன்றுவரை அது முழுதாக ஆறவில்லை. மின்சாரத்தை நிறுத்துகிறோம் என்ற ஒரு வரி மின்னஞ்சல் அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றியிருக்கும்.

காப்பு ஆளியைத் தட்டி எல்லாவற்றையும் ஒன்றாக இயக்கிவிடவே கை துடித்தது. அதற்கு முன் முட்டைகளைத் தந்த இடத்திலிருந்த அனுபவசாலி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தை, வடிகட்டியைத் தொடாதே என்பது. மூடிய வடிகட்டிக்குள் நீர் ஓடாமல் நின்றால் அதிலுள்ள பற்றீரியாக்கள் ஒட்சிசன் இன்றி இறந்து அழுகத் தொடங்கும். அந்த நிலையில் அதை இயக்கினால் அவ்வளவு நஞ்சும் ஒரு நிமிடத்தில் தொட்டிக்குள் வந்து கொட்டும். முதலில் காற்றுப் பம்பை மட்டும் தனிச் செருகியில் இயக்கச் சொன்னார். பிறகு இறந்தவற்றை எடுத்து, வடிகட்டியைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவி, நீரில் மூன்றிலொரு பங்கை மாற்ற வேண்டும். பனிக்கட்டியை நேரே கொட்டக் கூடாது. சட்டென்று குளிர்ந்தால் எஞ்சியவையும் போய்விடும். மணிக்கு ஒரு பாகை என்ற அளவில் இறக்குவதே பாதுகாப்பு. மூடி இறுகிய பிளாஸ்ரிக் போத்தல்களில் உறைந்த நீரை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டேன். கழற்றிய வடிகட்டியிலிருந்து வந்த முட்டை அழுகிய நாற்றம், அவருடைய எச்சரிக்கையின் பெறுமதியை எனக்கு உணர்த்தியது. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் எவருக்கும் நிதானமாக யோசிக்க வராது.

ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்பது இந்த அவதிக்கு நடுவே என்னை அழுத்திக்கொண்டிருந்தது. தொட்டியை மூடி வைத்து, குஞ்சுகள் ஓய்வெடுக்கின்றன என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. எல்லோரையும் தரையில் இருத்தி நடந்ததை நடந்தபடி சொன்னேன். சிலர் அழுதார்கள். எப்போதும் ஓடியாடித் திரியும் ஒரு பையன் மட்டும் எழுந்து வந்து, ‘இருக்கிறவைக்கு இப்ப என்ன செய்ய வேணும்’ என்று கேட்டான். அன்று முதல் அவன் வெப்பநிலையை ஒரு முறைகூடத் தவறவிடாமல் குறித்தான். இறந்த குஞ்சுகளை எண்ணி அட்டவணையில் பதிந்தோம். ஏரியிலும் ஓடையிலும் பிறக்கும் குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை வளர்ந்து மீளாமலே போகின்றன என்பதையும் பேசினோம்; ஆனால் அவற்றின் சாவுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு என்று ஒரு பிள்ளை சொன்னபோது நான் மறுக்கவில்லை. பெற்றோருக்கும் அன்றே கடிதம் எழுதி அனுப்பினேன். பிள்ளைகளின் துயரத்தை வீட்டில் கேட்டுத் திகைக்கும் பெற்றோருக்கு விடயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நல்ல பற்றீரியாக்கள் இறந்துபோனதால் நைத்திரைற்று ஏறத் தொடங்கியது. அது மீனின் குருதியில் புகுந்து ஒட்சிசன் ஏற்கும் ஆற்றலைக் கெடுக்கும். நீரில் ஒட்சிசன் நிறைந்திருந்தாலும் குஞ்சு மூச்சுத் திணறும். தினமும் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அயடின் கலக்காத உப்பைச் சிறிதளவு சேர்ப்பது நைத்திரைற்று உடலில் ஏறுவதைக் குறைக்கும். மாற்றும் நீரும் அதே குளிரில் இருக்க வேண்டும் அல்லவா? மூடியுள்ள வாளிகளில் பதப்படுத்திய நீரை நிரப்பி, பின்கதவுக்கு வெளியே பனியில் வைத்தெடுத்தேன். வார இறுதிகளில் உள்ளே வர அதிபர் எனக்கு எழுத்திலே அனுமதி தந்தார். அதற்கு அந்த இழப்பு வேண்டியிருந்தது. சோதனைக் கருவிகள், பதப்படுத்தி, புதிய வடிகட்டி, மின்சாரம் நின்றால் தானே இயங்கும் மின்கலக் காற்றுப் பம்பு, வெப்பநிலை எல்லை மீறினால் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் உணரி என்று பணம் போய்க்கொண்டே இருந்தது. இவற்றில் கடைசி இரண்டும் நூறு டொலர் அளவுக்குள் அடங்குபவை. முதல் நாளே அவை இருந்திருந்தால் மற்றச் செலவில் பெரும்பகுதி எனக்கு வந்திராது.

குளிரூட்டியும் அதன் பின் 9 பாகைக்குக் கீழே இறங்க மறுத்தது. புதியது வாங்க ஆயிரம் டொலரை நெருங்கும். பாடசாலையிடம் அதற்குப் பணமில்லை. மாணவி ஒருத்தியின் தந்தை குளிர்சாதனம் திருத்துபவர், யாழ்ப்பாணத்தவர். பெற்றோருக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு வேலை முடிந்து நேரே வந்தார். பின்தட்டைக் கழற்றி ரோர்ச் அடித்துப் பார்த்தவர், “ரீச்சர், கொம்பிரெசருக்கு ஒரு குறையும் இல்லை. இந்தத் தூசியைப் பாருங்கோ, காத்துப் போக வழியில்லை” என்றார். தகடுகளுக்கிடையே சோக்குத் தூளும் தூசியும் அடை அடையாகப் பிடித்திருந்தன. தூரிகையால் துப்புரவாக்கியதும் மறுநாட் காலையில் அது 6 பாகையில் நின்றது. “எவ்வளவு தரவேணும் அண்ணை?” என்று கேட்டேன். “பிள்ளையளின்ரை மீனுக்குக் காசு வாங்கிறதோ?” என்று சொல்லிவிட்டுப் போனார். மாதம் ஒரு முறை அந்தத் தகடுகளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். முட்டை வருமுன்னரே பெற்றோரிடம், அவர்களுள் மின்வேலை, குழாய்வேலை, குளிர்சாதன வேலை தெரிந்தவர்கள் யார் என்று கேட்டு வையுங்கள். நான் தனியாகத் திண்டாடிய அத்தனை நாளும் அந்த மனிதர் பாடசாலைக்கு அடுத்த தெருவில்தான் இருந்திருக்கிறார்.

மார்ச் விடுமுறைக்குப் பிறகு, கணக்கிட்டபடியே, எஞ்சிய குஞ்சுகள் பை கரைந்து மேலே வந்தன. அப்போது அவை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை ஒரு முறை விழுங்கித் தம் நீச்சற்பையை நிரப்ப வேண்டும். நீரின் மேல் எண்ணெய்ப் படலமோ நுரையோ இருந்தால் தடைப்படும். உணவைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் அன்புதான் பெரிய ஆபத்து. தூளாக்கிய உணவை விரல் நுனி அளவில் நாளுக்குப் பலமுறை போட வேண்டும். தின்னாமல் கீழே விழுந்ததை அன்றே உறிஞ்சி எடுக்க வேண்டும். உணவுப் புட்டியை அலுமாரியில் பூட்டி வைத்து, ஒவ்வொரு வேளைக்கும் உரிய அளவை மாத்திரைப் பெட்டியில் பிரித்துக் கொடுத்தேன். அந்த ஒழுங்கு நன்றாகவே வேலை செய்தது.

மே மாதத்தில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட குஞ்சுகளை டஃபின்ஸ் ஓடையில், எங்களுக்கெனக் குறித்துத் தந்த இடத்தில் விட்டோம். நினைத்த ஓடையில் நினைத்த நேரத்தில் மீன் விடுவதற்கு இங்கே சட்டம் இடம் தராது, உரிமம் வேண்டும், திட்டத்தை நடத்துவோர் அதைப் பெற்றிருப்பார்கள், அவர்கள் காட்டும் இடத்தில் மட்டுமே விடலாம். மீன்களைக் குளிர்பெட்டியில், மின்கலக் காற்றுப் பம்போடு கொண்டுபோனோம். ஓடை நீரைக் கோப்பை கோப்பையாகப் பெட்டிக்குள் ஊற்றி, இரண்டு நீரின் வெப்பமும் ஒத்துவரும்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பொறுமை இழக்கும் கட்டம் இது, எனவே அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டாமல், கல் நிறைந்த, ஆழமற்ற, விரைந்தோடும் பகுதியில் பரவலாக விட வேண்டும். ஆழமான குட்டையில் பெரிய மீன்கள் காத்திருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கோப்பையைச் சரித்துப் பிடித்தது. குஞ்சு வெளியே வந்ததும் நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி நின்றது. வாழ்நாளில் ஓடையைக் கண்டிராத மீன் அதை எவரிடம் கற்றது என்று நான் இன்றும் வியக்கிறேன். பிறகு ஒரு கல்லின் கீழே மறைந்தது. அதன் உடலின் குறுக்குக் கோடுகள் கற்களின் நிறத்தோடு ஒன்றிவிட, அது நிற்கும் இடம் தெரிந்தே பார்த்தும் எங்களால் காண முடியவில்லை. இந்தக் குஞ்சுகள் ஓரிரு வருடம் ஓடையிலேயே வளர்ந்து ஏரிக்குப் போகும். அங்கே அவை தின்னும் ஏல்வைஃப் என்ற சிறு மீன், சால்மனின் உடலில் தயமின் உயிர்ச்சத்தைக் குறைத்து அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் பலவீனப்படுத்துகிறது. மீட்பு முயற்சிக்கு அது இன்றும் பெரிய தடை. பிள்ளைகள் கேட்டபோது இதையும் மறைக்கவில்லை.

தொட்டியைக் காயவைத்துக் கற்களை வெளிற்றியால் கழுவி எடுத்துவைத்த பின், அடுத்த வருடமும் முட்டை எடுப்பதற்கு நான்கு நிபந்தனைகளை அதிபரிடம் எழுதிக் கொடுத்தேன். கட்டடத்தில் எந்த மின்வேலை என்றாலும் ஒரு வாரம் முன்னதாக எனக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மின்பலகையில் எங்கள் அறையின் பிரேக்கருக்கு அருகே, உயிருள்ள தொட்டி இணைக்கப்பட்டிருக்கிறது என்று என் தொலைபேசி எண்ணோடு அட்டை ஒட்ட வேண்டும். குளிரூட்டிக்கும் காற்றுப் பம்புக்கும் வெவ்வேறு பிரேக்கரில் செருகி தர வேண்டும். வார இறுதியில் உள்ளே வர என்னைத் தவிர இன்னும் இரண்டு பேருக்கு அனுமதி வேண்டும். அந்த இரண்டு பேரும் யார் என்பதைக் கோடை விடுமுறைக்கு முன்பே முடிவு செய்தோம்: ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர், மற்றவர் குளிரூட்டியைத் திருத்தித் தந்த அந்த அண்ணை. நான்குக்கும் அதிபர் கையெழுத்திட்டார். ஒப்பம் கிடைத்த பிறகே விண்ணப்பத்தை அனுப்பினேன்.